அடுப்படி வரை வரும் குரல்

(கல்லூரி ஒன்றின் சமுதாய வானொலித் தொடக்கத்தையொட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் கல்லூரிக்குச் சமுதாய வானொலி உரிமம் கிடைத்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. காலை ஏழு முதல் எட்டு வரை ஒரு விருந்தினர், நாலைந்து பாட்டு, ஒரு சிந்தனை உரை என்று முதல் நிகழ்ச்சியைத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அந்த மூன்றையும் எப்படிச் சேர்ப்பது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே பெரும்பகுதிக் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. காலை நிகழ்ச்சியில் பாட்டைக் குறைக்கலாம், சிந்தனையைச் சுருக்கலாம். உள்ளூர் விருந்தினரை மட்டும் விடக்கூடாது. தமிழ் வானொலியின் காலைப் பொழுது எதை இழந்து வறண்டுபோனது என்று என்னைக் கேட்டால் அவரைத்தான் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன்.

முதலில் கேட்பவரைப் பார்ப்போம். காலை ஏழு மணிக்கு வானொலியை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. ஓர் அடுப்பில் குக்கர், இன்னோர் அடுப்பில் தாளிக்க எண்ணெய் காய்கிறது, கையில் பிள்ளையின் டிபன் டப்பா. டீக்கடைக்காரர் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். மினி பஸ் ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்கிறார். கண்ணும் கையும் வேலையில் இருக்க, காது ஒன்றைத்தான் அவர்களால் நமக்குத் தர முடிகிறது. அதையும் பாதிதான் தருகிறார்கள். குக்கர் விசில் அடித்தால் நீங்கள் சொன்ன வாக்கியம் போய்விடும். மிக்ஸி ஓடினால் ஒரு பத்தியே போய்விடும். பேட்டியின் நடுவில்தான் பலர் வந்து சேர்வார்கள், முடிவதற்குள் புறப்பட்டும் போவார்கள். ஆகவே விருந்தினரின் பெயரையும் அவர் யார் என்பதையும் பத்து நிமிடப் பேச்சுக்குள் மூன்று முறையாவது சொல்ல வேண்டியிருக்கும். எழுத்தில் இது கூறியது கூறல். வானொலியில் இது தாமதமாக வந்தவருக்கு இடம் விட்டுக்கொடுப்பது.

நேரம் சொல்வதையும் சில்லறை வேலையாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தலைமுறைக்கு வானொலிதான் வீட்டுக் கடிகாரம். ஆல் இந்தியா ரேடியோவில் 1974 முதல் சமஸ்கிருதச் செய்தி வருகிறது. காலை 6.55க்கு, பலதேவானந்த சாகர் போன்றோரின் குரலில், ஒரு சொல்கூடப் புரியாத வீடுகளிலும் அது ஒலித்தது. புரிய வேண்டிய தேவையே அங்கே இருக்கவில்லை. அது தொடங்கிவிட்டால் மணி ஏழுக்கு ஐந்து, பிள்ளையை எழுப்பியாக வேண்டும். ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசாமியின் குரல் வந்துவிட்டால் தட்டில் இட்லி விழுந்திருக்க வேண்டும். செய்தி முடிவதற்குள் கை கழுவினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். இப்படிப்பட்ட நேயருக்கு, ஏழரைக்குச் சொன்ன நிகழ்ச்சியை ஏழு முப்பத்து மூன்றுக்குத் தொடங்குவது அவர் அன்றைய நாளைக் கலைப்பதாகும். நிலையங்களில் கியூ ஷீட் என்று ஒரு தாள் இருக்கும். எந்த நிமிடத்தில் எந்த ஒலிப்பதிவு, எத்தனை விநாடி, அறிவிப்பாளர் சொல்ல வேண்டியது என்ன என்று வரிவரியாக அதில் எழுதியிருக்கும். உங்கள் சின்ன நிலையத்திலும் அந்தத் தாள் இல்லாமல் யாரும் மைக் அறைக்குள் நுழையக்கூடாது.

பழைய ஆல் இந்தியா ரேடியோவின் காலை வரிசையை நான் இப்போதும் வியந்து பார்க்கிறேன். முதலில் அந்த அடையாள இசை. ஹிட்லரின் யூத வெறுப்புக்குத் தப்பி 1934இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்த, செக் நாட்டில் பிறந்த வால்டர் காஃப்மன் அமைத்தது. சிவரஞ்சனியின் சாயலில் ஒரு வயலின், கீழே தம்பூரா. அடுத்து வந்தே மாதரம், மங்கல இசையாக நாகஸ்வரம், பிறகு பக்திப் பாடல்கள். சீர்காழி கோவிந்தராஜனுக்கு அடுத்து நாகூர் ஹனிபா வருவார், அவருக்கு அடுத்து ஒரு கிறிஸ்தவப் பாடல் வரும். மூன்று மதத்துக்கும் ஒரே அடுப்படியில் இடம் இருந்தது. அதைப் பற்றி யாரும் தனியாகப் பேசிக்கொள்ளவும் இல்லை. அதன் பிறகே சான்றோர் சிந்தனை, செய்தி, உரை. அதாவது, சொல்லே இல்லாத ஒலியில் தொடங்கி, பாட்டில் வரும் சொல்லுக்கு வந்து, கடைசியில் பேச்சுக்கு வருகிறது. தூக்கம் கலைகிறவரின் பக்கத்தில் நின்று யோசித்தவர்கள் வகுத்த வரிசை இது. கண் விழித்த முதல் நிமிடத்திலேயே இரண்டு பேர் சேர்ந்து கத்திச் சிரிக்கும் நிகழ்ச்சிகளைக் கேட்கும்போது இந்த வரிசையின் அருமை தெரிகிறது.

இந்த அமைப்பில் ஒரு குறையும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் நேயரிடம் யாரும் பேசவில்லை. அறிவிப்பாளர் அறிவித்தார், உரையாளர் உரையாற்றினார். நேயரைப் பெயர் சொல்லி அழைத்த குரல் கடல் கடந்து வந்தது.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. இலண்டனில் பிபிசி பிறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார்கள். போர் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது; 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர் வந்தது. அடுத்த ஆண்டு வர்த்தக சேவை. இந்தப் பக்கம் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். அவர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாட்டு ஏறக்குறைய மறைந்தே போனது. நேயர்கள் ரேடியோ சிலோனுக்கு முள்ளைத் திருப்பினார்கள். இந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா, நமக்கு எஸ்.பி. மயில்வாகனம். 1957 அக்டோபரில் டெல்லி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்கியது. ஆனால் அதற்குள் தமிழகத்தின் தென்கோடி ஊர்களில் காலைப் பொழுது கொழும்புக்குச் சொந்தமாகியிருந்தது.

காலையில் ரேடியோ சிலோனின் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் நிச்சயம் இருப்பீர்கள். மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்கள் நமக்குக் கொடுத்துப் போன பாடங்களில் இரண்டை உங்களுக்குச் சொல்கிறேன். ஒன்று, அவர்கள் கூட்டத்திடம் பேசவில்லை, ஒருவரிடம் பேசினார்கள். பாட்டு கேட்டு அஞ்சலட்டை எழுதியவரின் பெயரையும் ஊரையும் வாசிக்கும்போது, அந்த ஊரை ஒரு நாளும் பார்த்திராத அறிவிப்பாளர் அதைச் சரியாக உச்சரித்தார். சின்னக் கிராமத்தின் பெயர் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வருவதைக் கேட்ட பெருமை எப்படிப்பட்டது என்று இங்கிருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். இரண்டாவது, பாட்டுக்கு அவர்கள் கொடுத்த மரியாதை. படம், பாடியவர், இசை, எழுதிய கவிஞர் எல்லாரையும் சொன்னார்கள். முகப்பு இசை முடிந்து பல்லவி எழும் அந்த நொடிக்கு முன்னால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பாடகர் வாயைத் திறந்தபின் ஒரு சொல்கூட அவர்கள் குரல் குறுக்கே வராது. பாட்டைப் பேச்சுக்கு நடுவில் அடைக்கும் பஞ்சாகப் பயன்படுத்தும் வழக்கம் பின்னாளில் வந்தது. அது உங்களுக்கு வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு நாலு பாட்டுப் போடுங்கள், நாலையும் முழுதாகப் போடுங்கள்.

இனி சிந்தனை. மூன்றில் கடினமானது இதுதான். காலையில் புத்திமதி கேட்க யாருக்கும் பிடிக்காது. பிபிசி வானொலியில் 1939இல், போர் தொடங்கிய சில மாதங்களில், காலைச் செய்திக்கு முன்னால் மனத்துக்குத் தெம்பூட்டும் சமய உரை ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரும் வடிவமும் மாறி அது 1970 முதல் ‘தாட் ஃபார் த டே’ என்ற மூன்று நிமிட உரையாக, அவர்களுடைய காலைச் செய்தி நிகழ்ச்சியான ‘டுடே’க்கு நடுவில் இன்றும் வருகிறது. அமைச்சர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சிக்கு நடுவே மூன்று நிமிட அமைதி. சமய நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்று அங்கே நெடுநாளாக ஒரு கோரிக்கை இருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அந்த உரைகளால் புகழ்பெற்றவர்களில் ஒருவர் லயனல் ப்ளூ என்ற யூத குரு. அவர் வேதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசியவர் அல்லர். தன் பலவீனங்களையும் சமையலையும் ஒரு நகைச்சுவைக் கதையையும் சொல்லி, கேட்கிறவர் சிரிக்கும்போது உள்ளே ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

நமக்கு அப்படி ஒருவர் இருந்தார். அவர் பெயரைச் சொன்னாலே இங்கே பலர் முகத்தில் புன்னகை வரும்: தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை படித்தவர், வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளில் வேலை பார்த்துப் பழகியவர். 1980களின் இறுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேல் சென்னை வானொலியில் அவருடைய ‘இன்று ஒரு தகவல்’ ஒலித்தது. பிறகு அது புத்தகங்களாக வந்தது, அவரும் தொலைக்காட்சிக்கு வந்தார். 2009 செப்டம்பரில் மறைந்தார். அவர் பேச்சைக் கூர்ந்து கேட்டால் சில விஷயங்கள் தெரியும். குரலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. சிரிக்க வைக்கும் இடத்தில் அவர் சிரிக்கமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல, அவசரமே இல்லாமல் ஒரு சேதியைச் சொல்லத் தொடங்குவார். அது உடல்நலமாக இருக்கலாம், மனிதர்களின் கோபமாக இருக்கலாம். நடுவில் எதிராளி ஒருவர் வந்து கேள்வி கேட்பார். கடைசியில் ஒரு குட்டிக் கதை. அந்தக் கதை, அதுவரை சொன்னதற்கு ஆதாரமாக இருக்காது. சொன்னதை இலேசாகத் தட்டிப் பார்க்கும். அதில்தான் நேயர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்குப் போய் அடுத்தவரிடம் அதைச் சொல்வார். பண்ணை நிகழ்ச்சியில் கிடைத்த பயிற்சி இது என்பது என் எண்ணம். விவசாயியிடம் போய் நீ செய்வது தப்பு என்று எந்த வானொலிக்காரரும் சொல்ல முடியாது. அவர் பேச்சில் நுழைந்து, அவருடைய அனுபவத்திலிருந்தே ஒன்றை எடுத்துக் காட்ட வேண்டும்.

அவரைப் பின்பற்றுகிறேன் என்று பலர் கதை சொல்லக் கிளம்பினார்கள். கதை நின்றது, பார்வை நிற்கவில்லை. இன்று காலை உரை என்ற பெயரில் வருவதில் பாதி, கைபேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் பொன்மொழிகள். எந்த ஊரில் யார் வாசித்தாலும் ஒன்றாகவே இருக்கும். உங்கள் நிகழ்ச்சியில் அவற்றுக்கு ஒரு விநாடியும் தராதீர்கள். ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு சேதி. அந்தச் சேதி பேசுபவர் கண்ணால் கண்டதாகவோ அவருக்கு நெருக்கமானவர் வாயால் கேட்டதாகவோ இருக்கட்டும். எழுதி வைத்ததை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ‘இருப்பினும்’, ‘எனவே மேற்கண்டவாறு’ என்று நாக்கு இடறும் இடங்களில் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி மாற்றுங்கள்.

இப்போது விருந்தினருக்கு வருகிறேன். நான் உண்மையில் பேச வந்தது இதைத்தான்.

தனியார் பண்பலை வானொலிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக்கு வந்தன. அவை செய்த நன்மையை மறைக்கக்கூடாது: பேச்சுத் தமிழுக்கு, மதுரைக்கும் கோவைக்கும் நெல்லைக்கும் உரிய வட்டாரத் தமிழுக்கு, மைக் முன்னால் கூச்சமில்லாமல் இடம் கொடுத்தவை அவைதான். ஆனால் உரிமத்துக்கு அவர்கள் கட்டும் பணம் பெரிது. அதை விளம்பரத்தால் மீட்க வேண்டும். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இந்நாட்டில் தனியார் வானொலிக்கு அனுமதியும் இல்லை. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம் என்ற அளவில்தான் விதி. ஆக, ஊரில் நடப்பதைப் பேசும் வழி அடைபட்டது, பாட்டு மிஞ்சியது. விருந்தினர் என்றால் வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்தின் நாயகன், நாயகி, இயக்குநர் என்று ஆகிப்போனது. முன்பு விவித் பாரதியில் திரைக்கலைஞர்கள் வந்து தங்களுக்குப் பிடித்த பாடல்களைத் தொகுத்து வழங்கும் சிறப்புத் தேன்கிண்ணம் உண்டு. அங்கே அந்தக் கலைஞர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பார், ஏன் இந்தப் பாட்டு என்று சொல்லும்போது குரல் இளகும். இப்போது வருகிறவர் படத்தைப் பற்றி ஏற்கெனவே ஒத்திகை பார்த்த நாலு வரியைச் சொல்லிவிட்டு அடுத்த நிலையத்துக்குக் கிளம்புகிறார். இரண்டுக்கும் விருந்தினர் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. சமுதாய வானொலியின் திறன் வழக்கமாக 100 வாட். சுற்றுவட்டாரத்தில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் கேட்கும். அதற்கு மேல் கேட்கவும் வேண்டாம். நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும் என்று விதியே சொல்கிறது. 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியபோது இதெல்லாம் சோதனை முயற்சி. பிறகு 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தார்கள். பாம்பனில் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ 2016 ஆகஸ்டில் தொடங்கியது. காற்று, கடல் நிலை, கடலைக் காக்கும் வழி என்று மீனவர் வாழ்க்கையைச் சுற்றியே அதன் பேச்சு. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு தெரிந்தவர்கள் அந்தத் தீவில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொலைவிலுள்ள ஒரு தலைநகர நிலையத்தில் காலை ஏழு மணிக்கு இடம் கிடைக்குமா? தன் ஊர் நிலையத்தில்தான் கிடைக்கும்.

உங்கள் ஊரில் கடல் இல்லை, ஏரி இருக்கிறது. வரும் வழியில் பார்த்தேன். ஏரி இருந்தால் நீர்க்கட்டி ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுவது அவர் வேலை. சில ஊர்களில் கம்புகட்டி என்பார்கள். முதல் விருந்தினராக அவரை அழையுங்கள். அவர் வருவதாக வைத்துக்கொண்டு, பேட்டி எப்படிக் கெடும், எப்படி நிற்கும் என்று காட்டுகிறேன்.

உங்களில் ஒருவர், “ஐயா, நம் வாழ்வில் ஏரியின் முக்கியத்துவம் என்ன?” என்று கேட்பீர்கள். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, “ஏரி ரொம்ப முக்கியம்ங்க, தண்ணி இல்லாம ஒண்ணும் கெடையாதுங்க” என்பார். அதோடு முடிந்தது. அவர் மேல் தவறில்லை. மேடைக் கேள்விக்கு மேடைப் பதில் சொன்னார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “பெரியப்பா, மழை பேஞ்சு ஏரி பாதிதான் ரொம்பியிருக்கு. மொதத் தண்ணிய எந்த மடையில தொறப்பீங்க?” இப்போது அவர் நிமிர்வார். பாதி ஏரிக்கு மேட்டு மடையில் தண்ணீர் ஏறாது என்பார். கடைமடைக்காரனுக்கு முதலில் விடவில்லை என்றால் அவனுக்கு எப்போதுமே கிடைக்காது என்பார். ராத்திரி முறைக்காரன் தூங்கிவிட்டால் என்ன செய்வது, பங்காளிச் சண்டை உள்ள இரண்டு வயலுக்கு நடுவில் வாய்க்காலை எப்படித் திருப்புவது, மண்வெட்டியை எங்கே கொத்தினால் கரை நிற்கும் என்றெல்லாம் வரும். ஊரின் நீதி, பகை, கணக்கு எல்லாமே அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். “ஒங்களுக்குப் பெறகு இத யாரு பாப்பாங்க?” என்று கடைசியாகக் கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். அவர் யோசிக்கும் அந்த நாலைந்து விநாடி மௌனத்தை வெட்டி எறியாதீர்கள். அதற்குப் பிறகு தனியாகச் சிந்தனை உரை எதற்கு? அன்றைக்கு அதை விட்டுவிடலாம். நேரே ஒரு பாட்டுக்குப் போங்கள்.

மூன்றையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். விருந்தினர் வாயிலிருந்து சிந்தனை வர வேண்டும், பாட்டு அதற்கு இடம் கொடுக்க வேண்டும். சேர்க்கிறவர் வேலை, எது முடிந்ததும் எதற்குப் போவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்வது. நீர்க்கட்டி பேசி முடித்ததும் துள்ளல் பாட்டு ஒன்றைப் போட்டால் அவர் சொன்னது காற்றோடு போய்விடும். அதற்காகத் தண்ணீர் என்ற சொல் வரும் பாட்டைத் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நாகஸ்வரமோ புல்லாங்குழலோ ஒன்றரை நிமிடம் ஒலித்தால் போதும். அவர் சொன்னது அதுவரை நேயர் மனசில் ஓடும்.

விருந்தினரை உட்கார வைப்பதிலும் கவனம் வேண்டும். சுவரெல்லாம் துணி ஒட்டிய அறை, தலைக்கு மேல் சிவப்பு விளக்கு, கதவைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குக் கேட்கும் அமைதி. வயலில் நிற்கும் மனிதர் அங்கே வந்து உட்கார்ந்தால் பயப்படாமல் என்ன செய்வார்? மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’கரம் வரும் இடமெல்லாம் வெடிக்கும். பெண்கள் வந்தால் வளையல் மேசையில் படாமல் இருக்க ஒரு துணி விரியுங்கள், கழற்றச் சொல்லாதீர்கள். கையில் தாள் கொடுக்காதீர்கள். தாள் சலசலக்கும், அதோடு எழுதி வைத்ததை அவர் வாசிக்கத் தொடங்கிவிடுவார். குரல் அளவைச் சரிபார்க்க உலகம் முழுக்க வானொலிக்காரர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “காலையில என்ன சாப்பிட்டீங்க?” அதற்கு அவர் பதில் சொல்லும் குரல்தான் அவருடைய உண்மையான குரல். பதிவு தொடங்கிவிட்டது என்று சொல்லி அந்தக் குரலைக் கலைத்துவிடாமல், சாப்பாட்டுப் பேச்சிலிருந்தே மெல்ல உள்ளே போங்கள். முடிந்தால் அறைக்கே அழைக்காமல் ஏரிக்கரைக்குப் பதிவுக் கருவியோடு போங்கள். மடை திறக்கும் சத்தத்துக்கு ஈடாக நீங்கள் எழுதும் வருணனை எதுவும் இல்லை.

இன்னும் யாரை அழைக்கலாம் என்று பட்டியல் கேட்பீர்கள். உங்கள் பத்து கிலோமீட்டருக்குள் பிரசவம் பார்த்த மூதாட்டி இருப்பார். முதல் பேருந்தை எடுக்கும் நடத்துநர், பள்ளிச் சத்துணவு அமைப்பாளர், தறி நெய்கிறவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒடிசாவிலிருந்து வந்து செங்கல் சூளையில் வேலை செய்யும் இளைஞர் என்று எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கை அறிந்த வேலையைக் கேளுங்கள், கருத்துக் கேட்காதீர்கள். வேலையைச் சொல்லச் சொல்லக் கருத்து தானே வரும். அந்தச் சூளைத் தொழிலாளி தன் மொழியில் ஒரு பாட்டுப் பாடினால் அன்றைய பாட்டு அதுவாகவே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். வானொலி நிலையங்களில் ஒலிநாடா விலை அதிகமாக இருந்த காலத்தில், ஒலிபரப்பி முடித்த நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவு செய்தார்கள். பெரிய வித்வான்கள், தலைவர்கள் குரல்களைக் காப்பகத்தில் எடுத்து வைத்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் பண்ணை நிகழ்ச்சிக்கு வந்த விவசாயி, காலை நேர்முகத்துக்கு வந்த மருத்துவச்சி, வில்லுப்பாட்டுக்காரர் என்று ஆயிரக்கணக்கான குரல்கள் அப்படியே போயின. தங்கள் அப்பாவின் குரல் வானொலியில் வந்ததாம், எங்காவது கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது எவ்வளவு துயரம் என்பதை அந்த நாற்காலியில் இருந்தவர்கள் அறிவார்கள். இன்று அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. ஓராண்டு முழுக்கப் பதிவு செய்யும் பேட்டிகள் உள்ளங்கை அகலக் கருவி ஒன்றில் அடங்கிவிடும்.

ஆகவே மாணவர்களே, ஒவ்வொரு பதிவுக்கும் பேசியவர் பெயர், ஊர், தொழில், தேதி, பேட்டி எடுத்தவர் பெயர் ஐந்தையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். வெட்டித் தொகுத்தது ஒரு பிரதி, வெட்டாத முழுப் பதிவு ஒரு பிரதி என்று இரண்டையும் கல்லூரி நூலகத்தில் ஒப்படையுங்கள். பேசியவர் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுங்கள். மூன்றாண்டில் நீங்கள் படித்து முடித்துப் போய்விடுவீர்கள்; அடுத்து வருகிறவர்கள் இடம் போதவில்லை என்று எதையும் அழித்துவிடாதபடி இப்போதே நூலகரிடமும் முதல்வரிடமும் பேசி ஒரு விதி எழுதி வாங்குங்கள். அந்த விதி கையெழுத்தானபின் முதல் ஒலிபரப்பைத் தொடங்குங்கள்.